மாதிரி 1

அக்டோபர் 8, புதன்

ஈரோட்டில் கையேட்டுக் குழுக் கூட்டம். பத்து மணிக்கு என்று கூப்பிட்டுவிட்டு, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஆரம்பித்தார்கள். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தடயவியல் வேதியியல் செய்முறைகள். அதில் நச்சு கண்டறியும் அத்தியாயம் என் தலையில் விழுந்தது. தடயவியல் கூடத்தில் பெரிய பெரிய இயந்திரம் வைத்துச் செய்வதை, கை கழுவக் குழாயில் தண்ணீர் வராத அரசுப் பள்ளியில் செய்யும்படி மாற்றித் தர வேண்டும். ஜூனிலிருந்து இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட சோதனை எளிமையானது. களைக்கொல்லி குடித்தவரின் சிறுநீரில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டால் நீலமாகும். ஹைட்ரோஸ் எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற வெள்ளைப் பொடி. பக்கத்தில் ஒப்பீட்டுக்கு இன்னொரு சோதனைக் குழாய் வேண்டும். அதில் நிஜக் களைக்கொல்லி சில சொட்டு. அந்தக் குழாய் நீலமானால்தான் பொடி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதற்காகத் தோட்டத்துக் கேனில் கடைசியாக மிச்சமிருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோயிருந்தேன். பஸ்ஸில் போகிற பாட்டில். ‘விஷம்’ என்று எழுதினால் யாராவது பார்த்துக் கத்துவார்கள் என்று பயந்து, ‘மாதிரி 1’ என்று எழுதி ஒட்டினேன்.

ஒருங்கிணைப்பாளர் ஜெபராஜ் சார் பாட்டிலைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“பூங்கோதை டீச்சர், முதல்ல இதை வெளிய கொண்டுபோங்க. எவனாவது விளையாட்டுக்கு வாயில வச்சான்னா நாளைக்குப் பேப்பர்ல நம்ம எல்லார் போட்டோவும் வரும்.”

“பூட்டி வைக்கலாம் சார். ஒப்பீடு இல்லாம அது சோதனையே இல்லையே.”

“பசங்களுக்கு நிஜ விஷம் எதுக்கு? பொய் விஷம் போதும்.”

அப்படியே முடிவாயிற்று. சிறுநீருக்குப் பதில் டீத்தண்ணீர், விஷத்துக்குப் பதில் கஞ்சித் தண்ணீர், ஹைட்ரோஸுக்குப் பதில் அயோடின். அதுவும் நீலம்தான் வரும். ‘ஒப்பீட்டுக் குழாய்’ என்ற வரியையும் அடித்துவிட்டார்கள், பீரியடுக்குள் முடியாதாம். எனக்கு வந்த கோபத்தில் கொடுத்த வடையைக்கூடத் தொடவில்லை.

திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. அந்தப் பாட்டிலை வீட்டுக்குள் எடுத்துவர மனம் வரவில்லை. வழியில் தோட்டத்து மோட்டார் ரூம் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

அவருக்குச் சளி. மூக்கு அடைத்துப்போய், குழம்பு தீய்ந்த வாசனைகூடத் தெரியாமல் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன்.

“ஏம் புள்ள, விஷத்தக் கண்டுபுடிக்கச் சொல்லிக் குடுக்கறதுக்கு, ஒழுங்காக் களையெடுக்கச் சொல்லிக் குடுத்தீன்னா நம்ம தோட்டத்துக்காச்சும் ஆவுமல்ல?” என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த மனிதரோடு கோபமாக இருக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

மிக்ஸி புகைந்துவிட்டது. பதினோராம் வகுப்புக் காலாண்டு விடைத்தாள் முழுக்கத் திருத்தி முடித்தேன், பாதிப் பேருக்குச் சமன்பாட்டில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அவரிடம் என்னமோ சொல்ல வேண்டும் என்றிருந்தேன், மறந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. அதனால்தான் எழுத முடிகிறது.

காலையில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டப் போனார். கரண்ட் போய்விட்டது. மோட்டார் ரூமில் இருட்டுக்குள் கரண்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவர், தாகத்துக்கு அங்கே இருந்த ஏதோ பாட்டிலை எடுத்து வாயில் வைத்துவிட்டார். சளியால் வாசனை தெரியவில்லை. வாயில் பட்டதும் துப்பிவிட்டாராம். பாட்டிலையும் வேலிக்கு அப்பால் ஓடைத் தண்ணீரில் வீசிவிட்டாராம். மருந்தடிக்க வருகிற ஆட்கள் எதையாவது எதிலாவது ஊற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கழுவி, விஷத்தை உறிஞ்சுகிற கரியைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். டாக்டர் சின்னப் பையன். “இங்க வச்சுப் பார்க்க முடியாதும்மா, கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருங்க” என்றார்.

“ஒரு வாய் துப்புனதுக்குக் கோயமுத்தூருங்களா? காருக்குக் குடுக்கற காசுல ஒரு மூட்ட ஒரம் வாங்கலாமுங்க” என்றார் இவர்.

எனக்குத்தான் அந்த யோசனை வந்தது, களைக்கொல்லியா என்று நானே பார்த்துவிடலாமே என்று. ஒரு குப்பியில் அவருடைய சிறுநீரை வாங்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். ஆய்வகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியில் நான் ஜூனில் வாங்கி வைத்த ஹைட்ரோஸ் பொட்டலம். காஸ்டிக் போட்டேன், ஹைட்ரோஸ் போட்டேன், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நிறம் மாறவில்லை. இன்னொரு முறை செய்தேன். மாறவில்லை. சாமி கும்பிடாதவள் நான், அங்கேயே கை எடுத்துக் கும்பிட்டேன்.

மிச்சத்தை ஆய்வக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். “நீங்களே கெமிஸ்ட்ரி டீச்சர், பார்த்துட்டீங்கன்னா சரி. ஆனா இன்னிக்கு ஒரு நாள் இங்க இருக்கட்டும்” என்றார். சாயங்காலமே கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

அடித்துத் திருத்தி ஒன்றுமில்லாமல் ஆக்கினார்களே, அந்தச் சோதனைதான் இன்று என் வீட்டைக் காப்பாற்றியது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

தொண்டை எரிகிறது என்கிறார். கரி குடித்தது, குழாய் விட்டது எல்லாம் சேர்ந்துதான். தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். பாதி சாப்பிட்டார்.

சிந்துஜா ஹாஸ்டலிலிருந்து போன் செய்து அழுதாள். “யாரும்மா அங்க கொண்டுபோய் வச்சது?” என்று கேட்டாள்.

“வேலைக்கு வந்தவங்க யாராச்சும் இருக்கும்.”

“யாருன்னு கேட்டீங்களா இல்லையா?”

“தீபாவளிக்கு வருவீல்ல, அப்பப் பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டேன். இவள் அப்பாவைப் போல் இல்லை, என்னைப் போல. விடமாட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

நாக்கு வெந்துபோயிருக்கிறது. மோர் மட்டும் இறங்குகிறது. ஒன்றும் இல்லை. நீலம் வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மூன்றாவது பீரியட் பதினோராம் வகுப்பில் புதுச் செய்முறையைச் செய்து பார்த்தோம். குழாய் குழாயாக டீத்தண்ணீர். சிலதில் கஞ்சித் தண்ணீர் கலந்திருந்தேன். இறந்துபோன ஒருவரின் சிறுநீர் என்று கதை சொல்லிக் கொடுத்தேன், பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நீலம் வந்த மேசையில் கைதட்டினார்கள். மிதுனாவின் மேசையில் எந்தக் குழாயிலும் நீலம் வரவில்லை. அவள் எழுந்தாள்.

“டீச்சர், நீலம் வரலேன்னா விஷம் இல்லைன்னு அர்த்தமா, இல்ல எங்க அயோடின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? எத வச்சுச் சொல்றது?”

நல்ல கேள்வி என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலமாரியில் இருந்த ஹைட்ரோஸ் ஞாபகம் வந்தது. மணி அடிக்கும்வரை என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஜூனில் வாங்கிய பொட்டலம். வாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன், அவ்வளவுதான். அலமாரிக்கு மேலே கூரை ஒழுகுகிறது, ஐப்பசி மழைக்கு முன்பே சுவரெல்லாம் ஈரம். ஹைட்ரோஸ் ஈரக்காற்று பட்டால் செத்துவிடும் என்பது பட்டறையில் சாயம் முக்குகிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

உயிரியல் ஆய்வகத்திலிருந்து மெத்திலீன் நீலம் கொஞ்சம் வாங்கி வந்தேன். நல்ல ஹைட்ரோஸ் என்றால் அந்த நீலத்தை நொடியில் வெளுக்க வைக்க வேண்டும். போட்டேன். இன்னும் போட்டேன். பொட்டலத்தில் பாதியைக் கொட்டினேன். நீலம் அப்படியே நின்றது.

தலைமையாசிரியரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சாயக் கெமிக்கல் கடைக்கு ஆட்டோவில் போனேன். “புதுசா, டப்பா பிரிக்காதது” என்று கேட்டேன். கடைக்காரர், “எத்தன கிலோங்க டீச்சர்?” என்றார்.

திரும்பி வந்து, ஃப்ரிட்ஜில் இருந்த மிச்சத்தில் போட்டேன்.

நீலம். வெள்ளைத் தாள் தேவைப்படாத நீலம். மோட்டார் ரூம் ஜன்னல் திட்டில் நான் வைத்த பாட்டில்.

வீட்டுக்குப் போய், “ஏனுங்க, கெளம்புங்க, கோயமுத்தூர் போலாம்” என்றேன்.

“என்ன புள்ள ஆச்சு?”

“சோதனையில தப்புப் பண்ணிட்டனுங்க.”

“எத்தன மார்க்குப் போச்சு?” என்று சிரித்தார். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அன்னிக்கு முழுசாத் துப்பல. ரெண்டு மடக்கு உள்ள போயிருச்சு. நீ பயந்துக்குவீன்னு சொல்லல.”

அக்டோபர் 15, புதன்

கோவை. பெரிய டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். சிறுநீரகம் ஏற்கெனவே கெட ஆரம்பித்துவிட்டது.

“என்னிக்குக் குடிச்சாரு?”

“சனிக்கிழமை காலையில.”

பேனாவை மூடிச் சட்டையில் மாட்டிக்கொண்டார். எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

“சனிக்கிழமையே கூட்டிட்டு வந்திருந்தா?”

“இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. முதல் சில மணி நேரத்துல வந்தா ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பார்ப்போம். சிலர் பிழைச்சிருக்காங்க.”

“நெறையப் பேரா?”

“சிலர்.”

இனிமேல் நான் குடியிருக்கப் போவது அந்தச் சொல்லுக்குள்தான்.

அக்டோபர் 16, வியாழன்

போலீஸ்காரர் வந்தார். விஷம் என்றால் வாக்குமூலம் வாங்க வேண்டுமாம். சிந்துஜாவும் வந்துவிட்டாள், கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

“பாட்டிலை யாருங்க அங்க வச்சது?”

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“நாந்தானுங்க. கேன்ல மிச்சமிருந்தத பாட்டல்ல ஊத்தி வச்சது நாந்தான். மறந்துபோயிட்டனுங்க” என்றார் இவர்.

“உங்க மேல யாருக்காவது விரோதம்? குடும்பத்துல சண்டை?”

“இந்த டீச்சர் கூடயா? சண்ட போட்டு ஜெயிக்க முடியுமுங்களா?”

போலீஸ்காரர்கூடச் சிரித்தார். சிந்துஜா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கீழே போனேன்.

அக்டோபர் 18, சனி

டயாலிசிஸ். துவைத்த வேட்டி இரண்டு கொண்டுவர வேண்டும். மஞ்சளுக்குத் தண்ணீர் யார் கட்டுகிறார்கள் என்று இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்றேன். யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. பக்கத்துக் கட்டில்களில் எல்லோருக்கும் மூக்கில் ஆக்சிஜன் இருக்கிறது. இவருக்கு இல்லை. நர்ஸிடம் கத்தினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: “இந்த விஷத்துக்கு ஆக்சிஜன் வச்சா நுரையீரல் இன்னும் வேகமாக் கெட்டுப் போகும்மா. ரொம்ப முடியாமப் போகும்போதுதான் வைப்போம்.” எனக்குத் தெரியும். ஏன் என்று சமன்பாடு எழுதி விளக்கவும் தெரியும். தெரிந்தவள்தான் கத்தினேன்.

மத்தியானம் சிந்துஜா சாப்பிடப் போயிருந்தபோது என் கையை இழுத்தார். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது.

“வெளிச்சத்துக்கு வந்து... பாட்டலப் பாத்தேன். மாதிரி ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சு... உன்ற கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

நான் தலையை அவர் வயிற்றில் வைத்து அழுதேன். அதற்காகத்தான் பாட்டிலை ஓடையில் வீசியிருக்கிறார். அதற்காகத்தான் துப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தொண்டையில் விஷம் எரியும்போது இந்த மனிதருக்கு முதலில் தோன்றியது இதுதான்.

“சொல்லியிருக்கலாமுங்களே. அன்னிக்கே சொல்லியிருந்தா சோதனையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு நேரா இங்க வந்திருப்பனே.”

“தெரிஞ்சா நீ... தாங்க மாட்டே.” இன்னொரு மூச்சு எடுத்து, “சிந்துக்குத் தெரிய வேண்டாம்” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இதை எழுதத்தான் வேண்டும். சாகப்போகிறவர் மேல், என்னைக் காப்பாற்றியவர் மேல், பற்றிக்கொண்டு வந்தது. நான் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வார்டு ஜன்னலை மூடச் சொன்னேன், வெடிப்புகை உள்ளே வருகிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

விடியும்போது போய்விட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

பிரேதப் பரிசோதனை முடித்து வெள்ளிக்கிழமை கொடுத்தார்கள். உள்ளுறுப்புகளைக் கொஞ்சம் எடுத்துத் தடயவியல் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே யாரோ ஒருவர் காஸ்டிக் போடுவார், ஹைட்ரோஸ் போடுவார். பக்கத்தில் ஒப்பீட்டுக் குழாய் ஒன்றும் வைப்பார். அவர் என்னைப் போல் அவசரத்தில் இருக்க மாட்டார்.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அவருடைய அக்கா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எந்தம்பி சின்ன வயசுல இருந்தே மறதிக்காரன். இப்புடி மறந்து செத்துப்போவான்னு யாரு கண்டா” என்று அழுதார். மறதிக்காரர். கல்யாண நாளை ஒரு வருஷம்கூட மறக்காதவர். நான் சமையலறையில் வந்தவர்களுக்குக் காப்பித் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, புதன்

ஜெபராஜ் சார் போனில் துக்கம் விசாரித்தார். நல்ல மனிதர்தான், குரல் உடைந்துவிட்டது. அப்புறம் தயங்கித் தயங்கி, கையேடு ஏற்கப்பட்டுவிட்டது என்றார். என் அத்தியாயத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்களாம், ஆபத்தே இல்லாத செய்முறை என்று.

“சார், ஒப்பீட்டுக் குழாய் வரியை மறுபடி சேர்க்கணும். கஞ்சித் தண்ணியிலயே செய்யலாம். விஷம் வேண்டாம்.”

“டீச்சர், அச்சுக்குப் போயிருச்சே.”

“ஒரு வரி சார்.”

“அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்மா. இப்ப நீங்க ரெஸ்ட் எடுங்க.”

பாட்டிலை வெளியே கொண்டுபோகச் சொன்னவர் அவர். சரியாகத்தான் சொன்னார். நான் வெளியே கொண்டுவந்தேன்.

நவம்பர் 8, சனி

நேற்று காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நானும் சிந்துஜாவும்தான்.

அவருடைய சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். அவள் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திடீரென்று தூக்கி எறிந்தாள்.

“எனக்கு அப்பாவ நெனச்சா அழுகையே வரலம்மா. கோவந்தான் வருது. ஒரு பாட்டல் மேல என்ன இருக்குன்னு எழுதி வைக்க முடியாதா ஒரு மனுசனால? நம்ம ரெண்டு பேரையும் நெனச்சுப் பாத்தாரா? செத்தாலும் அவர மன்னிக்க முடியல. எனக்கே கேவலமா இருக்கு. ஆனா முடியல.”

அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதை நான் வாயை மூடிக்கொண்டு செய்து கொடுத்திருந்தால் போதும். செத்துப்போனவர் மேல் எவ்வளவு கோபம் விழுந்தாலும் அவருக்கு வலிக்காது. எனக்கோ இவள் ஒருத்திதான் மிச்சம். இதையெல்லாம் நினைத்தேன். சட்டை தரையில் கிடந்தது. அதை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

“எழுதித்தான் இருந்துச்சு சிந்து. மாதிரி ஒண்ணுன்னு.”

“என்னது?”

“அந்தப் பாட்டல்ல எழுதி ஒட்டுனது நான். அங்க வச்சது நான். அப்பாகிட்டச் சொல்ல மறந்தது நான். சோதன பண்ணி ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும் நான். அப்பா எதையும் மறக்கல.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஹைட்ரோஸ், மெத்திலீன் நீலம், அவர் கடைசியில் சொன்னது, எல்லாம். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன், வேறு குரல் வரவில்லை. நான் முடித்த பிறகு பெட்டியிலிருந்து அந்தக் கோடு போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அழும் சத்தம் கேட்டது. அப்பா போன பிறகு முதல் தடவையாக அழுகிறாள். கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் அவளாகவே எழுந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. “தோசை ஊத்தட்டா?” என்றேன். “ம்” என்றாள். அந்த ஒரு ‘ம்’ கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. மாவைக் கரைத்து வைத்தேன், தேங்காய் துருவினேன். அம்மியில்தான் அரைக்க வேண்டும், மிக்ஸி இன்னும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை.

முதல் தோசையைத் தட்டில் போட்டு வைத்தேன். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தேன். அவள் சொம்பைத் தூக்கினாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் மூக்குக்குக் கீழே பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

பிறகு குடித்தாள்.